ஐந்தாவது நட்சத்திரம்

1944 செப்டம்பர் 1 அன்று பெர்னார்டு மாண்ட்கோமரியின் வாழ்க்கையில் இரண்டு காரியங்கள் நடந்தன. நார்மண்டிக் கரையில் இறங்கிய நாளிலிருந்து நேசநாடுகளின் தரைப்படை முழுவதையும் நடத்திவந்த பொறுப்பு அவரிடமிருந்து அமெரிக்கத் தளபதி ஐசனோவருக்குப் போனது. அதே நாளில் அவர் பீல்டு மார்ஷல் ஆனார். பிரிட்டிஷ் ராணுவத்தில் அதற்குமேல் படி கிடையாது. தங்கள் தளபதியை அமெரிக்கர்கள் ஓரங்கட்டிவிட்டார்களே என்று நாட்டு மக்கள் மனம் புழுங்கக்கூடாதென்று சர்ச்சில் செய்த ஏற்பாடு இது. அதிகாரம் குறைந்த அன்றைக்கே பட்டம் கூடியது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேலதிகாரியான ஐசனோவரின் தோளில் அப்போது நான்கு நட்சத்திரங்கள்தான் இருந்தன. அவருக்குக் கீழே இருந்தவர் ஐந்து நட்சத்திரத் தகுதிக்குப் போய்விட்டார்.

ராணுவப் பதவிகளில் ஜெனரல் வரைக்கும் கணக்கு சரியாக இருக்கும். பிரிகேடியருக்கு ஒரு பிரிகேடு, மேஜர் ஜெனரலுக்கு ஒரு டிவிஷன், லெப்டினன்ட் ஜெனரலுக்கு ஒரு கோர், ஜெனரலுக்கு ஒரு ராணுவம். ஒவ்வொரு பதவிக்கும் பின்னால் ஒரு படையும் ஒரு மேசையும் ஒரு கோப்புக் கட்டும் உண்டு. பீல்டு மார்ஷல், மார்ஷல், ஐந்து நட்சத்திர ஜெனரல் என்று நாட்டுக்கொரு பெயரில் இருக்கும் உச்சப் பதவிக்குப் பெரும்பாலும் அப்படித் தனி வேலை எதுவும் இல்லை. ஒரு ஜெனரல் செய்ய முடியாத எதையும் ஒரு பீல்டு மார்ஷல் செய்துவிடப் போவதில்லை. பிறகு அரசுகள் எதற்காக அதைக் கொடுக்கின்றன? வாங்கியவரின் போர்களைப் படித்தால் இதற்குப் பாதி விடைதான் கிடைக்கும். கொடுத்தது யார், எந்தத் தேதியில் என்று பார்த்தால்தான் மீதி விளங்கும்.

பிரிட்டனில் இந்தப் பதவியை உண்டாக்கியவர் இரண்டாம் ஜார்ஜ் மன்னர், 1736-ல். முதலில் பெற்றவர் ஆர்க்னி பிரபு. 1704-ல் பிளென்ஹைம் போரில் நின்றவர் அவர். அந்தப் போர் நடந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, தள்ளாத வயதில் பட்டம் வந்தது. மறு ஆண்டே இறந்துபோனார். ஆக, இந்தப் பதவி பிறக்கும்போதே முதியவருக்குப் போர்த்தும் பொன்னாடையாகத்தான் பிறந்தது. போர்க்களச் சூட்டோடு கொடுக்கப்பட்டதற்கு நல்ல உதாரணம் வெலிங்டன். 1813 ஜூனில் ஸ்பெயினின் விட்டோரியாவில் பிரெஞ்சுப் படையை அவர் சிதறடித்தபோது, ஓடிப்போன மார்ஷல் ஜூர்தானின் கோல் மூட்டை முடிச்சுகளோடு அகப்பட்டது. வெலிங்டன் அதை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். பிரெஞ்சு மார்ஷல் கோலுக்குப் பதிலாக இங்கிலாந்தின் கோலை அனுப்புகிறேன் என்று எழுதி, அப்போது மன்னருக்குப் பதிலாக ஆண்ட இளவரசர் அவரைப் பீல்டு மார்ஷலாக்கினார். சிவப்பு வெல்வெட் போர்த்தி, பொன் சிங்கங்கள் பதித்து, உச்சியில் டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜின் உருவத்தோடு செய்யும் அந்தக் கோல்தான் இன்றுவரை அங்கே பீல்டு மார்ஷலின் அடையாளம்.

ஆனால் அதே கோல் சண்டையே போடாதவர்களுக்கும் தாராளமாகப் போனது. ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், ஆஸ்திரியாவின் பிரான்ஸ் ஜோசப், ஜப்பானின் ஹிரோஹிட்டோ எல்லாருமே பிரிட்டிஷ் பீல்டு மார்ஷல்களாக இருந்தவர்கள். உலகப் போர்கள் வெடித்து இவர்கள் எதிரிகளானதும் பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்கள். அரச குடும்பங்களுக்கிடையே கைமாறும் சீர்வரிசையாக ஒரு ராணுவப் பதவி இருந்திருக்கிறது. இத்தனை பிரபுக்களுக்கும் மன்னர்களுக்கும் நடுவில் வில்லியம் ராபர்ட்சனின் பெயரைப் பார்க்கும்போதுதான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. பெரிய வீடுகளில் வேலைக்காரப் பையனாக இருந்துவிட்டு 1877-ல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர், 1920-ல் பீல்டு மார்ஷல் ஆனார். பிரிட்டிஷ் ராணுவத்தில் கடைசிப் படியிலிருந்து உச்சிவரை ஏறியவர் அவர் ஒருவர்தான்.

பிரான்சில் மார்ஷல் என்பது பதவியே அல்ல, அரசு வழங்கும் ஒரு கண்ணியம். நெப்போலியன் 1804-ல் ஒரே நாளில் பதினெட்டுப் பேரை மார்ஷலாக்கினார். மொத்தம் இருபத்தாறு. அவர்களில் பெர்னதோத் ஸ்வீடனின் அரசரானார். அந்த வம்சம் இன்றும் ஆள்கிறது. நேயும் முராவும் 1815-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போனியாட்டோவ்ஸ்கி மார்ஷலாகி மூன்றாம் நாள் லைப்சிக்கில் ஆற்றில் மூழ்கி இறந்தார். இருபதாம் நூற்றாண்டில் பெத்தேனின் கதை வேறு மாதிரி. வெர்துனைக் காத்தவர் என்று 1918-ல் மார்ஷல் ஆனவர், 1945-ல் நாட்டைக் காட்டிக்கொடுத்த குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றார். அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்த டி கால், இளம் அதிகாரியாக அதே பெத்தேனின் ரெஜிமென்டில் வேலைபார்த்தவர். கடைசிவரை பிரிகேடியர் ஜெனரலுக்கு மேல் போகாதவர். ஒரு பிரிகேடியர் ஜெனரல் பிரான்சுக்கு வேண்டியிருந்த எல்லாவற்றையும் செய்துமுடித்தார்.

மாண்ட்கோமரி விவகாரத்துக்கு அமெரிக்கா கண்ட தீர்வைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் பீல்டு மார்ஷல்கள் உட்காரும் மேசையில் அமெரிக்கத் தளபதிகள் ஒரு படி கீழே உட்கார வேண்டியிருந்தது. 1944 டிசம்பர் 14-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஐந்து நட்சத்திரப் பதவியைச் சட்டமாக்கியது. மறுநாளிலிருந்து நாளைக்கு ஒருவராக நியமனம்: 15-ந்தேதி லேஹி, 16 ஜார்ஜ் மார்ஷல், 17 கிங், 18 மெக்கார்தர், 19 நிமிட்ஸ், 20 ஐசனோவர், 21 ஆர்னால்டு. ஐசனோவர் வரைக்கும் கடற்படைக்காரர் ஒருவர், ராணுவத்தார் ஒருவர் என்று மாற்றி மாற்றி வருவதைப் பாருங்கள். யார் யாருக்கு மூத்தவர் என்ற சண்டை பின்னால் வராமலிருக்க நாட்காட்டியையே பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜெர்மானியர் ஆர்டென் காட்டுக்குள் பெரும் தாக்குதலைத் தொடங்கிய வாரம் அது என்பதையும் நினைவில் வைக்கலாம். ஜார்ஜ் மார்ஷலுக்கே இதில் அவ்வளவு விருப்பம் இல்லை என்று சொல்வார்கள். தன் குருவான பெர்ஷிங் நோய்ப்படுக்கையில் இருக்கும்போது அவருக்கு இணையாக நிற்கும் ஒரு பட்டத்தை வாங்க அவருக்குக் கூச்சம்.

அமெரிக்காவில் மொத்தம் ஒன்பது பேர்தான் இந்தப் பதவிக்கு வந்தார்கள். கடைசியாக வந்தவர் ஓமர் பிராட்லி. 1950 செப்டம்பரில் அவருக்கு ஐந்தாவது நட்சத்திரம் கிடைத்ததற்கு, அவர் நார்மண்டியில் செய்ததைவிட மெக்கார்தர் கொரியாவில் செய்துகொண்டிருந்ததே காரணம். முப்படைத் தளபதிகளின் குழுவுக்குத் தலைவரான பிராட்லி நான்கு நட்சத்திரத்தோடு இருக்க, களத்தில் இருப்பவர் ஐந்து நட்சத்திரத்தோடு இருந்தால் யார் யாருக்கு உத்தரவு போடுவது? மெக்கார்தருக்குப் பட்டங்களின் மேல் இருந்த ஆசை ஊரறிந்தது. 1936-ல் பிலிப்பைன்ஸ் ராணுவத்தின் பீல்டு மார்ஷலாகித் தங்கக் கோலோடு நின்றவர் அவர். இன்னும் உருப்படியாக ராணுவமே இல்லாத நாட்டில் இது என்ன வேலை என்று உடனிருந்த ஐசனோவருக்கு உறுத்தியது. 1951 ஏப்ரலில் அதிபர் ட்ரூமன் மெக்கார்தரைப் பதவிநீக்கம் செய்தார். முதல் உலகப் போரில் வெறும் பீரங்கிப்படை கேப்டனாக இருந்தவர் ட்ரூமன். நட்சத்திரம் எத்தனை ஏறினாலும் அதன் கயிறு யார் கையில் இருக்கிறது என்பதை அமெரிக்க அரசமைப்பு அன்று காட்டிவிட்டது. இந்தப் பதவியால் விளைந்த ஒரே நன்மை அது என்றுகூடச் சொல்வேன்.

கயிறு ஒரே ஆளின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹிட்லர். 1940 ஜூலை 19-ல், பிரான்ஸ் வீழ்ந்த கையோடு, பன்னிரண்டு பேரை ஒரே கூட்டத்தில் பீல்டு மார்ஷலாக்கினார். கோரிங்குக்கு அதற்கும் மேலே தனியாக ஒரு பதவி. கோலோடு நிற்கவில்லை, மாதாமாதம் வரியில்லாத ரகசியப் பணம் இவர்கள் கணக்கில் ஏறியது, சிலருக்குப் பண்ணை நிலமும் கிடைத்தது. தேசம், சத்தியப் பிரமாணம், பிரஷ்யப் பாரம்பரியம் என்று போருக்குப் பின் இந்தத் தளபதிகள் எழுதிய நினைவுக்குறிப்புகளில் இந்தப் பணத்தைப் பற்றிய பேச்சைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. ரோம்மல் 1942-ல் டோப்ருக்கைப் பிடித்த மறுநாள் பீல்டு மார்ஷல். இரண்டே ஆண்டில், ஹிட்லரைக் கொல்லும் சதியில் பெயர் அடிபட்டதால், விஷம் குடித்துச் சாக நிர்ப்பந்திக்கப்பட்டார். பன்னிருவரில் ஒருவரான விட்ஸ்லேபென் அதே சதிக்காகத் தூக்கிலிடப்பட்டார்.

இந்தப் பட்டத்தை ஒரு ஆயுதமாகவே பயன்படுத்திய சம்பவம் ஸ்டாலின்கிராடில் நடந்தது. 1943 ஜனவரி கடைசி. பவுலஸின் ஆறாவது ராணுவம் பட்டினியிலும் பனியிலும் அழிந்துகொண்டிருந்தது. அவரே ஒரு பல்பொருள் அங்காடியின் நிலவறையில் ஒடுங்கியிருந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பத்தாம் ஆண்டு நிறைவு நாளான ஜனவரி 30-ல் அவருக்குப் பீல்டு மார்ஷல் பதவி வானொலி வழியே வந்துசேர்ந்தது. உணவு வரவில்லை, வெடிமருந்து வரவில்லை, பதவி வந்தது. அதுவரை எந்த ஜெர்மன் பீல்டு மார்ஷலும் உயிரோடு பிடிபட்டதில்லை. தற்கொலை செய்துகொள் என்பதைத்தான் பெர்லின் மரியாதையான மொழியில் சொல்லியனுப்பியது. பவுலஸ் மறுநாள் சரணடைந்தார். ஹிட்லர் கொதித்துப்போய், இந்தப் போரில் இனி யாரையும் பீல்டு மார்ஷலாக்க மாட்டேன் என்று தன் தளபதிகளிடம் கத்தினார். பிப்ரவரி 1 தேதியிட்டு மேலும் மூவர் பீல்டு மார்ஷல் ஆனார்கள்! பவுலஸ் பின்பு நூரம்பெர்க் விசாரணையில் சோவியத் தரப்புச் சாட்சியாக வந்து நின்றார்; 1957-ல் டிரெஸ்டனில் இறந்தார்.

சோவியத் யூனியன் 1935-ல் மார்ஷல் பதவியை உருவாக்கி ஐவருக்குக் கொடுத்தது. துகாசெவ்ஸ்கி 1937-ல் சுடப்பட்டார். பிளூகர் 1938-ல் காவலில் இறந்தார். யெகோரோவ் 1939-ல் சுடப்பட்டார். தப்பிய இருவர் வொரோஷிலோவும் புடியோன்னியும். ஐவரில் திறமை குறைந்தவர்கள் அவர்கள்தான் என்பதில் ராணுவ வரலாறு எழுதியவர்களுக்குள் பெரிய கருத்துவேறுபாடு இல்லை. ரோகசோவ்ஸ்கி 1937-ல் கைதாகி, சித்திரவதைப்பட்டு, 1940-ல் வெளியே வந்து, 1944-ல் மார்ஷலானவர். 1945 ஜூனில் செஞ்சதுக்கத்தில் வெற்றி அணிவகுப்பை நடத்தியவர் அவர், ஏற்றுக்கொண்டவர் ஜுகோவ். மறு ஆண்டே ஜுகோவை ஒடெசாவுக்குத் தூக்கியடித்தார் ஸ்டாலின். ஸ்டாலின் தனக்கு எடுத்துக்கொண்டதோ மார்ஷலுக்கும் மேலே ஜெனரலிசிமோ. அந்தச் சீருடையை அணியாமல் மார்ஷல் உடையிலேயே கடைசிவரை உலவினார். போர் முடிந்தபோது அரசியல் பிரிவில் மேஜர் ஜெனரலாக இருந்த பிரெஷ்னேவ் 1976-ல் மார்ஷல் ஆனார். வைரம் பதித்த அந்த நட்சத்திரத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டபோது அவர் கட்டளையில் ஒரு படைப்பிரிவுகூட இல்லை, ஒரு வல்லரசு இருந்தது.

சீனா இதே சோவியத் மாதிரியைப் பார்த்து 1955-ல் பத்துப் பேரை மார்ஷலாக்கியது. மாவோ தனக்கு முன்மொழியப்பட்ட உயர்பதவியை வேண்டாமென்றார். வேண்டாம் என்பதும் ஒரு தந்திரம்தான். பட்டம் வாங்குகிறவர் கொடுக்கிறவருக்குக் கீழேதான் இருக்க முடியும். கொரியாவில் சீனப்படையை நடத்திய பெங் தெஹுவாய், பஞ்சத்துக்கு இட்டுச்சென்ற பெரும் பாய்ச்சல் திட்டத்தைக் குறைசொல்லி 1959-ல் கடிதம் எழுதியதற்காக வீழ்த்தப்பட்டு 1974-ல் காவலில் இறந்தார். ஹெ லுங் கலாச்சாரப் புரட்சியில் துன்புறுத்தப்பட்டு 1969-ல் மாண்டார். லின் பியாவ் 1971-ல் தப்பியோடும்போது மங்கோலியாவில் விமானம் விழுந்து இறந்தார். 1965-ல் பதவி அடையாளங்கள் எல்லாவற்றையும் ஒழித்த சீனா 1988-ல் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தபோது மார்ஷலை மட்டும் விட்டுவிட்டது.

தனக்குத் தானே சூட்டிக்கொண்டவர்களின் வரிசை நீளமானது: மத்திய ஆப்பிரிக்காவின் பொகாசா, உகாண்டாவின் இடி அமின் என்று போகும். இவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். பாகிஸ்தானைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 1958-ல் ஆட்சியைப் பிடித்த அயூப் கான் மறு ஆண்டே, தன் அமைச்சரவையின் கையால், பீல்டு மார்ஷல் ஆனார். ராணுவத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அதிபராக இருக்கப்போகிறவர், எந்தத் தளபதியும் தன்னைவிட உயரமாகத் தெரியக்கூடாதென்று செய்த கணக்கு அது. அதன்பின் 65 ஆண்டுகளுக்கும் மேல் அங்கே இன்னொருவர் வரவில்லை. 2025 மே மாதம் இந்தியாவுடன் நான்கு நாள் மோதல் முடிந்த சில நாட்களில் ராணுவத் தளபதி அசிம் முனிர் பீல்டு மார்ஷல் ஆனார். அதே ஆண்டு நவம்பரில் அரசமைப்பையே திருத்தி, அந்தப் பதவி ஆயுளுக்கும் நிலைக்கும், குற்ற வழக்கு தொட முடியாது என்று எழுதிக்கொண்டார்கள். அலங்காரப் பட்டமாக இருந்தது அங்கே சட்டப் பாதுகாப்புக் கவசமாகிவிட்டது. அண்டை நாட்டுக்காரர்களான நாம் கவலையோடு கவனிக்க வேண்டிய மாற்றம் இது.

இந்தியாவில் இதுவரை மூவர். மானெக்‌ஷா 1973-ல், கரியப்பா 1986-ல், விமானப்படை மார்ஷலாக அர்ஜன் சிங் 2002-ல். கடற்படையில் யாரும் இல்லை. மூவரின் தேதிகளிலும் அரசின் எச்சரிக்கை தெரிகிறது. கரியப்பா 1949 ஜனவரி 15-ல் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானவர். ராணுவ தினம் கொண்டாடுவது அந்த நாளில்தான். 1953-ல் ஓய்வுபெற்றதும் நேரு அவரை ஆஸ்திரேலியாவுக்குத் தூதராக அனுப்பினார். 1971-ல் பம்பாயில் மக்களவைத் தேர்தலில் நின்று தோற்றார். அரசியலில் அவர் இனி எதுவும் செய்ய முடியாது என்ற வயதில், ஓய்வுக்கு 33 ஆண்டுகள் கழித்து, பட்டம் வந்தது. 1965 போரில் கரியப்பாவின் மகனுடைய விமானம் சுடப்பட்டு, மகன் பாகிஸ்தானில் போர்க்கைதியானபோது, பிரிவினைக்கு முன் கரியப்பாவின் கீழ் வேலைபார்த்த அயூப் கான், மகனை விடுவிக்கிறேன் என்று சொல்லியனுப்பினார். எல்லாக் கைதிகளும் என் பிள்ளைகள்தான், அவனுக்குத் தனிச்சலுகை வேண்டாம் என்று மறுத்துவிட்டார் கரியப்பா. அன்று அயூப் பீல்டு மார்ஷல், கரியப்பா ஓய்வுபெற்ற ஜெனரல்.

மானெக்‌ஷாவின் கதை நீலகிரியோடு பின்னியது. 1959-லிருந்து வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, நாட்டுக்கு விரோதமாகப் பேசுகிறார் என்று அவர்மேல் விசாரணை வைத்தார்கள். குற்றமில்லை என்று தீர்ப்பானது. ஆனாலும் சீனாவிடம் பட்ட தோல்விதான் அவரை மீட்டது. 1962-ல் கிழக்கே நான்காம் கோரை அவரிடம் ஒப்படைத்தார்கள். 1969-ல், நம்மூர்க்காரரான ஜெனரல் பி.பி. குமாரமங்கலத்திடமிருந்து தலைமைத் தளபதி பொறுப்பை ஏற்றார். வங்கதேசப் போரில் பாகிஸ்தான் தரப்பில் 93,000 பேர் கைதியானார்கள். 1972-ல் ஓய்வுபெற வேண்டியவருக்குப் பதவிக்காலத்தை நீட்டி, இறங்க இரண்டே வாரம் இருக்கும்போது, 1973 ஜனவரியில் பீல்டு மார்ஷலாக்கினார் இந்திரா காந்தி. டாக்காவில் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய ஜக்ஜித் சிங் அரோராவுக்கு லெப்டினன்ட் ஜெனரலுக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

பீல்டு மார்ஷல் ஓய்வுபெறுவதில்லை, ஆயுளுக்கும் பணிப்பட்டியலில் இருப்பார் என்பது விதி. தாமரை வளையத்துக்குள் கோலும் வாளும் குறுக்கிட்ட சின்னத்தை மானெக்‌ஷாவின் தோளில் வைத்த அரசு, அந்த விதிப்படி வரவேண்டிய முழுச் சம்பளத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுக்கவில்லை. 2007-ல்தான் நிலுவைத் தொகை, சுமார் 1.3 கோடி ரூபாய்க்கான காசோலை, அவர் கைக்குப் போனது. அப்போது அவர் தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தார். அந்த ஆண்டு வெலிங்டன் வந்த குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவரை நேரில் பார்த்துப் பேசினார். 2008 ஜூன் 27-ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவர் இறந்தபோது பிரதமரோ பாதுகாப்பு அமைச்சரோ வரவில்லை, இணை அமைச்சர் ஒருவர் வந்தார். தேசிய துக்கம் அறிவிக்கப்படவில்லை. ஊட்டி பார்சி மயானத்தில், மனைவி பக்கத்தில் அடக்கம். விட்டோரியாவில் கோல் வாங்கிய அந்தப் பிரபுவின் பெயரைத் தாங்கிய ஊரில் இந்தியாவின் முதல் பீல்டு மார்ஷல் கண்மூடினார் என்பது சரித்திரத்தின் தற்செயல். ஒன்பது ஆண்டு கழித்து அர்ஜன் சிங் இறந்தபோது அரசு மரியாதையில் குறை வைக்கவில்லை. 2015 ஜூலையில் கலாமின் உடல் பாலம் விமான நிலையம் வந்தபோது, 96 வயதான அர்ஜன் சிங் சக்கர நாற்காலியில் வந்து, எழுந்து நின்று சல்யூட் வைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இலங்கையின் பீல்டு மார்ஷலைப் பற்றித் தமிழில் எழுதும்போது பேனா கனக்கும். 2009 மே மாதம் முடிந்த போரை நடத்திய ராணுவத் தளபதி சரத் பொன்சேகா. அந்த இறுதிக்கட்டத்தில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் கூறியது. வெற்றியின் பெருமை யாருக்கு என்பதில் பொன்சேகாவும் அதிபர் ராஜபக்சவும் மோதி, 2010-ல் அதிபர் தேர்தலில் எதிரெதிரே நின்றார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரித்தது; யாழ்ப்பாணமும் வன்னியும் மட்டக்களப்பும் அவருக்கே அதிக வாக்கு போட்டன. ராஜபக்ச கூடாது என்பதற்காகத் தமிழர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு போட்ட வாக்கு அது. தோற்றவரைச் சிறையில் தள்ளி, பதவி, பதக்கம், ஓய்வூதியம் எல்லாவற்றையும் பறித்தார் ராஜபக்ச. 2015-ல் ஆட்சி மாறியதும் எல்லாம் திரும்பியது. மார்ச் மாதம் பீல்டு மார்ஷல் பதவியும் சேர்ந்து வந்தது. பறித்ததும் அரசியல், கொடுத்ததும் அரசியல். முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்ற கேள்விக்கும் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. 2019-ல் கடற்படையின் கரன்னகொடவுக்கும் விமானப்படையின் குணதிலகவுக்கும் அதே உச்சப் பதவிகள் போயின. மனித உரிமை மீறலுக்காகக் கரன்னகொட தன் நாட்டுக்குள் நுழைய அமெரிக்கா 2023-ல் தடை விதித்தது. 2025-ல் பிரிட்டனும் அவர்மேல் தடை கொண்டுவந்தது.

இந்தியா 2020 ஜனவரியில் முப்படைகளுக்குமாகத் தலைமைத் தளபதி என்ற புதுப் பொறுப்பை உருவாக்கியது. கார்கில் போருக்குப் பின் அமைச்சர்கள் குழு பரிந்துரைத்து, இருபது ஆண்டு இழுபட்ட விஷயம். மூன்று படைகளின் தளபதிகளையும் ஒரு மேசைக்குக் கொண்டுவர வேண்டியவருக்கு ஐந்தாவது நட்சத்திரம் வேண்டாமா என்ற பேச்சு எழுந்தது. அரசு கொடுக்கவில்லை. அவருக்கும் நான்கு நட்சத்திரம்தான், சம்பளமும் மற்ற மூவருக்குச் சமம். முதலில் வந்த பிபின் ராவத் 2021 டிசம்பரில் வெலிங்டன் கல்லூரிக்குப் பேசப் போகும் வழியில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். ஏறக்குறைய பத்து மாதங்கள் அந்த நாற்காலி காலியாக இருந்தது. பிறகு விதியைத் திருத்தி, ஏற்கெனவே ஓய்வுபெற்றிருந்த லெப்டினன்ட் ஜெனரல் அனில் சௌகானை அழைத்து, தோளில் இன்னொரு நட்சத்திரம் சேர்த்து, அதில் உட்காரவைத்தார்கள்.